சர்ஜ் கோட்டை முதலில் பாருங்கள்: டர்போசார்ஜர் வினாவை எழுதி முடித்தவனின் குறிப்புகள்

முடிவுகள் சென்ற வாரம் வந்துவிட்டன. டர்போசார்ஜிங் (புகைவளியால் சுழலும் டர்பைன் ஒரு கம்ப்ரசரை இயக்கி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் முறை) விருப்பப் பாடத்திலும் அதையொட்டிய புராஜெக்ட் வைவாவிலும் (வாய்மொழித் தேர்விலும்) எதிர்பார்த்ததைவிட நல்ல கிரேடு கிடைத்திருப்பதால், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் அடுத்து இதே பாடத்தை எடுக்கவிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன். வினாத்தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். ஆகவே நேராக 15 மதிப்பெண் வினாவுக்கு வருகிறேன்.

அந்த வினா எப்படிச் சுற்றி வந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: 2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினிலிருந்து 250 கிலோவாட் வேண்டும், அதற்கேற்ற டர்போசார்ஜரைத் தேர்ந்தெடுத்துக் காரணம் கூறுக. இதற்கு 1905ஆம் ஆண்டு ஆல்பிரட் பூக்கி பெற்ற காப்புரிமையிலிருந்து தொடங்கி ஒரு பக்கம் வரலாறு எழுதுபவர்களை நான் அறிவேன். அந்த ஒரு வரி இரண்டு மதிப்பெண் வினாவுக்குப் போதும். இங்கே திருத்துபவர் தேடுவது காற்றின் அளவை.

தேவையான சக்தியிலிருந்து எரிபொருளுக்கும், எரிபொருளிலிருந்து காற்றுக்கும் போக வேண்டும். டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சின் முழுச் சுமையில் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 335 கிராம் எரிபொருள் குடிக்கும் என்று எடுத்துக்கொண்டால், 250 கிலோவாட்டுக்கு மணிக்கு சுமார் 84 கிலோகிராம் ஆகும். நாக்கிங்கையும் (கலவை நேரம் தவறித் தானாகவே எரிந்து தட்டுவது) புகைவளியின் வெப்பத்தையும் கட்டுப்படுத்த அங்கே கலவையைச் செறிவாக வைப்பதால், காற்று–எரிபொருள் விகிதத்தை முழு எரிதலுக்கான 14.7 என்று எழுதாமல் 12 என்று எடுங்கள். விநாடிக்கு 0.279 கிலோகிராம் காற்று வேண்டும் என்று வரும். 6500 ஆர்பிஎம், கனஅளவுத் திறன் (சிலிண்டர் எந்த அளவு நிரம்புகிறது என்பது) 0.95, இன்டர்கூலரைத் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி) தாண்டிய காற்று 55 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால், அவ்வளவு காற்றை உள்ளே தள்ளுவதற்கு மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) சுமார் 255 கிலோபாஸ்கல் தனி அழுத்தம் (வெற்றிடத்திலிருந்து அளப்பது) தேவைப்படுகிறது. இன்டர்கூலரிலும் குழாய்களிலும் 15 கிலோபாஸ்கல் இழப்பு, காற்று வடிகட்டியில் 5 கிலோபாஸ்கல் இழப்பு என்று சேர்த்தால், கம்ப்ரசர் வெளியே 270, உள்ளே 96 (கடல்மட்டக் காற்றழுத்தம் 101 கழித்தல் 5), அழுத்த விகிதம் 2.81. கேஜ் அழுத்தத்தை (வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே உள்ளதை மட்டும்) விகிதத்தில் போடுகிறவர்களுக்கு அதற்குப் பிறகு வரும் அனைத்தும் பிழையாகிவிடும். எடுத்துக்கொண்ட ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் "கருதியது" என்று எழுதிவைப்பது நல்லது.

இதுவரை எல்லோரும் செய்வார்கள். என் மதிப்பெண்ணை மாற்றியது என்று நான் உறுதியாக நம்புவது அடுத்த படிதான். ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரசர் வரைபடத்தில் (கிடையாகக் காற்றுப் பாய்வு, நெடுக்காக அழுத்த விகிதம்) ஒரு புள்ளியை மட்டும் குறிக்காதீர்கள். உச்ச சக்திப் புள்ளி செயல்திறன் தீவுக்குள் (நல்ல செயல்திறன் உள்ள பகுதியைச் சுற்றி வரைந்த வளையம்) அழகாக விழுகிறது என்பதற்காக ஒரு டர்போவைத் தேர்ந்தெடுத்தால், அது பாதி விடைதான். 3500 ஆர்பிஎம்மில் இதே அழுத்த விகிதத்தைக் கேட்டால் காற்று விநாடிக்கு சுமார் 0.15 கிலோகிராமாகக் குறைந்துவிடும். புள்ளி கிடைக்கோட்டில் இடப்பக்கம் நகர்ந்து சர்ஜ் கோட்டை (காற்று சீராகப் பாய்வதற்கான இடப்பக்க எல்லையை) நெருங்கும் அல்லது தாண்டும். தாண்டினால் கம்ப்ரசருக்குள் காற்று முன்னும் பின்னுமாக அலைந்து, பேரிங்குகளையும் சக்கரத்தையும் பாழாக்கும். அதிக சக்தி வேண்டும் என்று பெரிய கம்ப்ரசரை எடுக்கிறவர்கள் விழும் பள்ளம் இதுதான். இந்த இரண்டாவது புள்ளியை முதலில் குறித்துவிட்டு, அதன் பிறகே உச்ச சக்திப் புள்ளி வலப்பக்கத்துச் சோக் பகுதிக்குள் (அதற்கு மேல் காற்று போக முடியாத இடம்) போய்விடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வேகத்தில் டர்பைனால் அவ்வளவு அழுத்தம் தர முடியுமா என்பது தனிக் கேள்வி. அதையும் ஒரு வரியில் கேட்டு எழுதினால் படிப்பவருக்கு உங்கள் மீது நம்பிக்கை வரும்.

குறிப்பதற்கு முன்னால் வரைபடத்தின் ஓரத்தைப் படியுங்கள். கிடை அச்சில் இருப்பது திருத்தப்பட்ட பாய்வு (மேற்கோள் நிலைக்கு மாற்றிய காற்றுப் பாய்வு). அதற்கான மேற்கோள் வெப்பநிலையும் அழுத்தமும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும். 25 டிகிரி, 100 கிலோபாஸ்கல் என்று அச்சிட்டிருந்தால், 32 டிகிரி வெயிலில் நம் 0.279 என்பது 0.294 ஆகவும், 0.15 என்பது சுமார் 0.16 ஆகவும் மாறும். ஊரில் கையிலிருந்து கைக்குச் சுற்றும் ஒரு ஜெராக்ஸ் நோட்டில் பவுண்டும் கிலோகிராமும் ஒரே கணக்கில் கலந்து கிடக்கின்றன. அதை நம்பிப் படித்தவர்களின் கோபம் நியாயமானது.

செயல்திறனைச் சும்மா எழுதிவிட்டுப் போகாமல் வெப்பமாக மாற்றிக் காட்டுங்கள். 32 டிகிரியில் நுழையும் காற்று, 74 சதவீதச் செயல்திறனில் சுமார் 174 டிகிரியிலும், 65 சதவீதத்தில் சுமார் 193 டிகிரியிலும் வெளியேறும். இந்த வேறுபாடு இன்டர்கூலருக்குச் சுமையாகி, கடைசியில் நாக்கிங்காக வந்து நிற்கும்.

டர்பைன் பக்கம் ஏ/ஆர் விகிதத்தைத் (டர்பைன் உறையின் வழிப் பரப்புக்கும் மையத்திலிருந்து அதன் தூரத்துக்கும் உள்ள விகிதம்) தவிர பெரிதாக எதுவும் கேட்பதில்லை. சிறியது சீக்கிரம் சுழலத் தொடங்கும், ஆனால் உயர் வேகத்தில் புகைவளியைத் தடுத்து, எரிந்த வாயுவைச் சிலிண்டருக்குள்ளேயே தங்கவைக்கும். பெரியது அதற்கு எதிர்மாறு. நான்கு சிலிண்டர் என்றால் ட்வின் ஸ்க்ரோலைக் (புகைவளி இரண்டு தனி வழிகளில் டர்பைனுக்குப் போகும் அமைப்பு) கட்டாயம் சொல்லுங்கள்: எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் 1, 4 ஒரு வழியிலும் 2, 3 மறு வழியிலும் போக வேண்டும்.

விடையில் விடுபடக் கூடாதவை:
– வேஸ்ட்கேட் (புகைவளியில் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமல் வெளியேற்றும் வால்வு) எந்த அழுத்தத்தில் திறக்கும்
– த்ராட்டிலைத் திடீரென மூடும்போது சர்ஜைத் தடுக்கும் புளோ-ஆஃப் வால்வு
– அழுத்த விகிதத்துக்கு ஏற்பக் குறைத்த எஞ்சின் கம்ப்ரஷன் விகிதம்
– எண்ணெய் திரும்பும் குழாயின் சரிவு (வைவாவில் கேட்டார்கள்)

வைவாவில் வெளித்தேர்வாளர்கள் விரும்பிக் கேட்பது டீசலுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள வேறுபாடு. இதை நான் புத்தகத்தில் படித்ததைவிடக் குளச்சலில் விசைப்படகு டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் ஓர் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம். "போட்டு எஞ்சின் ஒரே ஓட்டத்துல ஓடும் மக்களே, காரு அப்படியா?" என்றார். முழு வேக வரம்பிலும் ஒரே டர்போ ஒத்துழைக்க வேண்டும் என்பதே காரில் உள்ள சிக்கல். அத்தோடு, பெட்ரோல் எஞ்சினின் புகைவளி 1000 டிகிரியைத் தொடக்கூடும் என்பதால் டர்பைன் சக்கரத்துக்கு இன்கோனெல் 713சி அல்லது அதைவிட வெப்பம் தாங்கும் மார்-எம் 247 போன்ற நிக்கல் உலோகக் கலவைகள் தேவைப்படுகின்றன. கோணம் மாறும் டர்பைன் இறக்கைகள் கொண்ட டர்போ டீசலில் எளிதில் பரவியதும், பெட்ரோல் கார்களில் 2006ஆம் ஆண்டு போர்ஷே 911 டர்போ வரும்வரை அரிதாகவே இருந்ததும் இந்த வெப்பத்தால்தான்.

படிக்கும் முறை பற்றி: நான் கூட்டாகப் படிக்க முடியாதவன். அதிகாலையில் வெற்றுத் தாளில் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து, சர்ஜ் கோடு, வேகக் கோடுகள், தீவுகள் ஆகியவற்றைக் குறித்து, பின்னர் மூலத்தோடு ஒப்பிடுவேன். பேசிப் பேசிப் படிப்பவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம். ஆனாலும் வரையாமல் இந்தப் பாடத்தைத் தாண்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, உயரம் பற்றிய கேள்வி. கடல்மட்டத்தில் கணக்கிட்ட இதே காரை 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்துக்கு ஓட்டிப்போனால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டார்கள். அங்கே காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல்; வடிகட்டி இழப்பு போக 72. வெளியே அதே 270 வேண்டுமானால் அழுத்த விகிதம் 3.75 ஆகி, கம்ப்ரசர் மிகைவேகத்துக்குப் போகும். ஆகவே வேஸ்ட்கேட்டை முன்னதாகத் திறந்து சக்தியைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, அந்தப் புள்ளியையும் அதே வரைபடத்தில் குறித்துக் காட்டினேன்.