படிவத்தில் ஒரு சொல், பெட்டிக்கு 11 நாள் சிறை

தெற்குக் கரோலைனாக் கரையோர நீர் எவ்வளவு விரைவாக வெளிக்கடலோடு கலக்கிறது என்பதை ரேடியம் ஐசோடோப்புகளை, அதாவது நிறை வேறுபட்ட ரேடிய அணுவகைகளைக் கொண்டு அளக்கச் சென்றோம். கரையிலிருந்து 50 கிலோமீட்டர் வரை படகில் போய் நீர் எடுத்த இரண்டு நாட்களும் குறையின்றிக் கழிந்தன. ஒவ்வோரிடத்திலும் 100 லிட்டர் கடல்நீரை, பெர்மாங்கனேட்டில் ஊறவைத்ததால் மாங்கனீசு டை ஆக்சைடு படிந்து கன்னங்கரேலென்று ஆகியிருந்த அக்ரிலிக் நாரின் வழியே, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மிகாமல் ஒழுகவிட்டோம். வேகத்தைக் கூட்டினால் ரேடியம் நாரில் பிடிபடாமல் நழுவிவிடும்.

தொல்லை கரையேறிய பிறகு, கூரியர் அலுவலகத்தில் தொடங்கியது. பொருளின் பெயரைக் கேட்ட இடத்தில் 'ரேடியம் ஏறிய நார்' என்று எழுதினேன். அந்தச் சொல்லைக் கண்டதுமே ஊழியர் பெட்டியைத் தனியறையில் வைத்துப் பூட்டிவிட்டார். இது கடல்நீரில் இயற்கையாகவே இருக்கும் ரேடியம், நாங்கள் கடலில் எதையும் கலக்கவில்லை என்று எவ்வளவோ விளக்கியும் அவர் செவிசாய்க்கவில்லை. ஆய்வகத்தின் கடிதம் கொடுத்தால் பாதுகாப்பு அலுவலரின் கையொப்பம் இல்லை என்றார். அதை வாங்கிச் சென்றால் அளவைக் குறிப்பிட்ட இன்னொரு தாள் வேண்டும் என்றார். பெட்டி ஆய்வகம் வந்து சேர 11 நாட்கள் ஆயின. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ரேடியம்-224இன் அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகச் சிதைய ஆகும் நேரம், 3.66 நாட்கள்தான், எனவே எட்டில் ஒரு பங்கே மிஞ்சியிருந்தது. சிதைவைக் கணக்கில் திருத்திக்கொள்ளலாம், ஆனால் சிதைவுகளை எண்ணும் கருவி பதியும் எண்ணிக்கையே குறைந்துவிட்டால் பெருகும் பிழைக்குத் திருத்தம் கிடையாது. கரையிலிருந்து விலக விலக ரேடியம் குறைந்துகொண்டே போகும் போக்கிலிருந்துதான் கலப்பின் வேகத்தைக் கணிக்கிறோம் என்பதால், தொலைவான மாதிரிகள் கெட்டது பேரிழப்பு. இதே கரையோரத்துக்கு கடல்வேதியியலாளர் வில்லார்ட் மூர் 2000இல் வெளியிட்ட கலப்புக் கெழு (கலப்பின் வேகத்தைக் காட்டும் எண்) வினாடிக்கு 360 முதல் 420 சதுர மீட்டர். அதனோடு ஒப்பிட, 11.4 நாள் அரை ஆயுட்காலத்தால் பாதியாவது தப்பிய ரேடியம்-223 மட்டுமே எங்களுக்குக் கைகொடுத்தது.

இரண்டாம் முறை கடிதங்களை முன்கூட்டியே வாங்கிவைத்ததோடு, நாரையும் காரிலேயே கொண்டுபோய் மூன்றாம் நாள் எண்ணிவிட்டோம். ரேடியம் இல்லாத நன்னீரில் உப்புப் போக அலசி, நாரின் எடையளவு ஈரமே நிற்கும்படி பிழிந்துகொள்ளுங்கள். ரேடியம் சிதைந்து பிறக்கும் ரேடான் வாயுவைத்தான் கருவி எண்ணுகிறது; நார் எலும்பாகக் காய்ந்தாலும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் ரேடான் வெளிவருவது குறையும். எண்ணி முடித்ததும் நாரை எறிந்துவிடாதீர்கள். சில வாரங்கள் கழித்து மறுபடியும் எண்ணி, நாரில் ஒட்டியிருக்கும் தோரியம்-228இலிருந்து பிறக்கும் ரேடியம்-224ஐக் கழிக்க வேண்டும்.