இயந்திரத்தின் அருகே ஒரு சிறு காணொளி

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் புதிய ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பில் இருக்கும் நான், விலையுயர்ந்த மெய்நிகர் கண்ணாடிகளைவிட, கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளியையே பெரிதும் நம்புகிறேன். உலோகத்தை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் இயந்திரத்தில், வடிவம் தரும் அச்சை மாற்றுவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டி, பிறகு பொத்தானை அழுத்தி இயந்திரம் உண்மையிலேயே இயங்கவில்லை என்று உறுதிசெய்யும் வரிசையை, அனுபவமிக்க ஊழியர் தம் கையால் செய்துகாட்டித் தமிழில் விளக்கும்போது, ஆங்கிலக் கையேட்டின் பல பக்கங்கள் தராத தெளிவு கிடைக்கிறது. சீன ஊழியர்களுக்காக அதே காட்சிக்கு மாண்டரின் குரலைச் சேர்த்துவிடலாம்.

காணொளியைத் திறக்க, இயந்திரத்தில் ஒட்டிய கியூஆர் குறியீடு போதும். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக உருவான குறியீடு அது. உணவங்காடியில் பணம் செலுத்த நாம் அன்றாடம் பயன்படுத்துவது தொழிற்சாலையின் தேவையிலிருந்தே பிறந்தது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

ஆயினும், காணொளியைப் பார்த்ததாலேயே ஒருவர் வேலையைக் கற்றுக்கொண்டதாகக் கருத இயலாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக வகுக்கப்பட்ட வேலைப்பயிற்சி முறை, ஆயத்தம், செய்துகாட்டல், செய்யவைத்தல், தொடர்ந்து கவனித்தல் என நான்கு படிகளைக் கொண்டது. காணொளி பெரும்பாலும் இரண்டாம் படிக்கே உதவும். புதியவர் தாமே செய்தபடி ஒவ்வொரு செயலுக்கும் காரணத்தைத் தம் வாயால் சொல்லும்வரை, அவரைத் தனியாக இயந்திரத்தின்முன் நிறுத்தக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காணொளியை ஓய்வறையிலோ, நிறுத்திய இயந்திரத்தின் அருகிலோ மட்டுமே பார்க்க வேண்டும். செய்முறை மாறினால் பழைய பதிவை அன்றே நீக்கிவிட வேண்டும்.