மடிவாளாவில் வந்த 503

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டில் பாதிப்பேர் தோளில் பையோடு அங்கேதான் நிற்பார்கள். சேலம், ஈரோடு, மதுரை என்று கிளீனர்கள் கூவிக்கொண்டிருப்பார்கள். 2011-ல் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. நாமக்கல் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன். போன் அடித்தது. டெஸ்டிங் டீமில் இருந்த நண்பன்.

"மச்சி, சைட் வரலடா. சர்வீஸ் டெம்பரரிலி அன்அவெய்லபிள்னு வருது. 503."

அந்த சர்வர் நான் தனியாளாக அமைத்த முதல் சர்வர். ஒரு தொழிற்சாலையின் குடோன் இருப்புக் கணக்குக்காக எழுதிய ஜாவா அப்ளிகேஷன். சென்ட்ஓஎஸ் 5 என்ற லினக்ஸ், முன்னால் அப்பாச்சி 2.2 என்ற வெப் சர்வர், பின்னால் ஜாவா கோடை ஓட்டும் டாம்கேட் 6. போர்ட் என்றால் மிஷினின் கதவு எண் மாதிரி. டாம்கேட் 8080 போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். வெளியாட்கள் வருவது 80-க்கு. வருகிறவர்களை வாங்கி உள்ளே அனுப்புவது அப்பாச்சியின் வேலை.

ஒரே ஆள் போதாதா, டாம்கேட்டையே 80-ல் உட்கார வைத்தால் என்ன என்று நானும் கேட்டேன். லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க, மிஷினில் எதையும் செய்யக்கூடிய ரூட் அதிகாரம் வேண்டும். டாம்கேட்டை ரூட்டாக ஓட்டினால், நாங்கள் அவசரத்தில் எழுதிய கோடும் ரூட்டாகவே ஓடும். அப்பாச்சி அந்த விஷயத்தில் விவரமான ஆள். ரூட்டாக எழுந்து 80-ஐத் திறந்துவிட்டு, வருகிறவர்களிடம் பேசும் வேலையை அதிகாரம் குறைந்த பிள்ளைகளிடம் விட்டுவிடும். பெங்களூர் தர்ஷினி ஓட்டல் மாதிரிதான். கல்லாவில் இருப்பவர் தோசை சுடமாட்டார், டோக்கன்தான் கொடுப்பார். தண்ணி பாட்டில், பிஸ்கட் மாதிரி சமைக்க வேண்டாத சரக்கை அவரே எடுத்துத் தந்துவிடுவார். படங்கள், ஸ்டைல் ஷீட்டுகள் எல்லாம் அந்த ரகம்.

அமைக்கும்போதே ஒருமுறை அடி வாங்கியிருந்தேன். அப்பாச்சியின் கான்ஃபிக் ஃபைலில், வருகிறவர்களை டாம்கேட்டுக்கு அனுப்பும் ப்ராக்ஸிபாஸ் வரியை மட்டும் எழுதிவிட்டு அதற்கு ஜோடியான ப்ராக்ஸிபாஸ் ரிவர்ஸ் வரியை விட்டுவிட்டேன். என் லேப்டாப்பில் லாகின் ஜோராகப் போனது. வாடிக்கையாளர் பக்கம் ஒருவருக்கும் போகவில்லை. லாகின் முடிந்ததும் டாம்கேட் "அடுத்து லோக்கல்ஹோஸ்ட் 8080-க்குப் போ" என்று தன் உள்விலாசத்தைச் சொல்லி அனுப்புகிறது. அதை வெளிவிலாசமாகத் திருத்துவதுதான் விடுபட்ட வரியின் வேலை. லோக்கல்ஹோஸ்ட் என்றால் அவரவர் கம்ப்யூட்டர்தானே? அவர்கள் கம்ப்யூட்டரில் அந்தப் போர்ட்டில் ஒன்றும் இல்லை. என் லேப்டாப்பில் மட்டும் டெவலப்மென்ட்டுக்காகப் போட்ட இன்னொரு டாம்கேட் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் "எனக்கு வருதுங்க" என்று அடித்துப் பேசியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

பஸ் சில்க் போர்டைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறியது. அன்று மதியம் ஹோஸ்டிங் கம்பெனிக்காரர்கள் பராமரிப்புக்காக மிஷினை ரீஸ்டார்ட் செய்திருந்தார்கள். ஒரு வாரம் முன்பே மெயில் வந்தது, நான்தான் படித்துவிட்டு மறந்துவிட்டேன். ஆனாலும் பயம் வரவில்லை. மிஷின் எழுந்தால் அப்பாச்சியும் டாம்கேட்டும் தானாக எழும்படி வைத்திருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நண்பனைப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. மிஷினுக்குள்ளிருந்தே கர்ல் கமாண்டால் 8080-ஐத் தட்டச் சொன்னேன். பக்கம் அழகாக வந்தது. தோசைக்கல் சூடாக இருக்கிறது, மாஸ்டரும் நிற்கிறார், கல்லாக்காரர் மட்டும் "தோசை இல்லை" என்கிறார்.

எங்கள் ஆபீசில் அல்சூர்க்காரர் ஒருவர் இருந்தார். மூன்று தலைமுறையாக பெங்களூர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார், எல்லோரும் அவருக்கு "குரு"தான். சிஸ்டம் அட்மின். அவரைக் கான்ஃபரன்ஸில் இழுத்தேன்.

"அப்பாச்சி எரர் லாக்ல கடைசி வரியப் படி."

நண்பன் படித்தான். "ஏதோ ப்ராக்ஸி... கனெக்ட் பண்ண முடியல, ஃபெயில்டுன்னு போட்டிருக்குங்க."

"ஏதோ வேணாம் குரு. வரியில பிராக்கெட்டுக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். அது என்ன?"

"பதிமூணு. பர்மிஷன் டினைட்."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "111 வந்தா கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட். கதவத் தட்டினான், உள்ள ஆள் இல்லன்னு அர்த்தம். 13-ன்னா தட்டவே விடல. நடுவுல யாரோ கையப் புடிச்சிருக்காங்க. கெட்என்ஃபோர்ஸ்னு அடிச்சுப் பாரு."

என்ஃபோர்சிங் என்று வந்தது, அதாவது எஸ்இலினக்ஸ் காவலில் நிற்கிறது. எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

எஸ்இலினக்ஸ் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ உருவாக்கி 2000-ஆம் ஆண்டுக் கடைசியில் வெளியிட்ட காவல் ஏற்பாடு. பின்னால் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு முத்திரை குத்தி, இந்த முத்திரைக்காரன் இன்னின்னதுதான் செய்யலாம் என்று எழுதி வைத்திருக்கும். அப்பாச்சியின் முத்திரைக்கு, தானாக இன்னொரு போர்ட்டுக்குக் கனெக்‌ஷன் போட இயல்பாக அனுமதி இல்லை. யாராவது அப்பாச்சியை உடைத்து உள்ளே புகுந்தாலும் அங்கிருந்து அடுத்த வீட்டுக்குத் தாவக் கூடாது என்ற எண்ணம். நியாயமான எண்ணம்தான். கர்ல் அடித்தது நண்பன். அவன் ஷெல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, அதனால் அவனுக்குப் பக்கம் வந்தது.

ஆறு மாதம் முன்பு அமைக்கும்போதே இதே சுவரில் முட்டியிருந்தேன். இணையத்தில் தேடியதும் எல்லோரும் ஒரே மருந்தைச் சொன்னார்கள்: செட்என்ஃபோர்ஸ் பூஜ்யம், அதாவது அந்தக் காவலை நிறுத்து. அடித்தேன், பக்கம் வந்தது, வாடிக்கையாளருக்குக் காட்டிக் கைகுலுக்கியாகிவிட்டது. அந்தக் கமாண்டின் ஆயுள் அடுத்த ரீபூட் வரைதான் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்களோ என்னவோ, நான் அதற்குள் அந்த ஜன்னலை மூடியிருப்பேன்.

"போலீஸ்காரனத் தூங்க வெச்சுட்டு கடை போட்டிருக்க. மத்தியானம் அவன் எந்திரிச்சிட்டான், அவ்ளோதான்" என்றார் குரு. "நான்தாங்ணா பண்ணுனேன்" என்றேன். "தெரியும் குரு. உன்னத் தவிர யாரு?"

மறுபடி தூங்க வைக்க அவர் விடவில்லை. அப்பாச்சிக்கு அந்த ஒரு அனுமதியை மட்டும் தரும் கமாண்டைச் சொன்னார்: செட்எஸ்இபூல், ஒரு ஹைஃபன், பி, அப்புறம் எச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட், ஆன். நடுவே அண்டர்ஸ்கோர்கள். பஸ் சந்தாபுரா தாண்டிக்கொண்டிருந்தது. மாநில எல்லையில் அத்திப்பள்ளி போனால் ரோமிங், அப்போதெல்லாம் வருகிற காலுக்கும் காசு, என் போனில் இருந்த பேலன்ஸுக்கு இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது. நண்பனுக்கோ டி-யும் பி-யும் ஒன்றுபோலக் கேட்டது.

"டி-யா?"

"பி. பாண்டிச்சேரி பி. பெரிய எழுத்து!" என்று கத்தினேன். முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து, பாண்டிச்சேரி வந்துவிட்டதா என்று கேட்டார்.

அந்த பி இல்லாவிட்டாலும் கமாண்ட் ஓடும், பக்கமும் வரும். அடுத்த ரீபூட்டில் மறுபடி போய்விடும். பி போட்டால்தான் நிலைக்கும். போட்டால் அது பாலிசி, அதாவது காவல் விதிகள் முழுவதையும் மறுபடி கட்டும், அரை நிமிஷம் போல எந்தப் பதிலும் இல்லாமல் நிற்கும். "தொங்கிருச்சு மச்சி, கன்ட்ரோல் சி அடிக்கட்டுமா?" என்றான். வேண்டவே வேண்டாம் என்றோம் இருவரும். முடிந்தது. ரிஃப்ரெஷ் செய்தான். அதே 503.

எனக்கு வயிறு கலங்கியது. குரு மட்டும் அசையவில்லை. "ஒரு நிமிஷம் சும்மா இருங்க" என்றார். பின்னால் இருக்கும் ஆளைத் தொட முடியாமல் போனால் அப்பாச்சி அவனை 60 விநாடிக்கு ஒதுக்கி வைத்துவிடும், அதுவரை முயற்சியே செய்யாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த 60 விநாடிக்குள் அத்திப்பள்ளி வந்து லைன் கட்டானது. ஓசூர் தாண்டியதும் எஸ்எம்எஸ் வந்தது: "வந்துருச்சு."

திங்கட்கிழமை காலை குரு என் மேஜைக்கு வந்து, "ரீபூட் பண்ணு" என்றார். ஓடுகிற சர்வர், எட்டு மணி, குடோனில் இன்னும் ஆள் வந்திருக்காது. கமாண்டை அடித்துவிட்டேன், என்டரை அழுத்த விரல் போகவில்லை. அவர் எட்டி அழுத்திவிட்டு காபி குடிக்கப் போய்விட்டார். மிஷின் எழுந்துவிட்டதா என்று தட்டிப் பார்க்கும் பிங்கைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். நாலு நிமிஷம் கழித்து லாகின் பக்கம் வந்தது. காட்டலாம் என்று பேன்ட்ரிக்கு ஓடினேன். அவர் யாருடனோ கன்னடத்தில் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை.