நீண்ட பயணத்துக்கு ஒரு சின்ன ரேஞ்ச்ஃபைண்டர், ஒரே ஒரு லென்ஸ்

வரும் டிசம்பரில் கோவையில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறி, அசாமின் திப்ருகர் வரை ரயிலிலேயே போகப் போகிறேன். அங்கிருந்து பிரம்மபுத்திராவின் நடுவில் இருக்கும் மாஜுலித் தீவு, அப்புறம் அருணாச்சல மலைகளில் போம்திலா வழியாகத் தவாங். கன்னியாகுமரியில் கிளம்பி 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி அது, நாட்டிலேயே நீளமான பாதை. டிஜிட்டல் வேண்டாம், ஃபிலிம் மட்டும் போதும், ஒரு கேமரா, அதில் ஒரு லென்ஸ் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்பதைத்தான் ரொம்ப நாள் யோசித்தேன். யோசித்ததை எழுதி வைத்தால் இதே மாதிரி கிளம்ப நினைக்கும் யாருக்காவது பயன்படும்.

ரேஞ்ச்ஃபைண்டர் ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம், அதனால் உள்ளே கண்ணாடி ஒன்று தேவை, அது மேலே எழும்பிச் சத்தம் போடும், படம் எடுக்கிற அந்தக் கணத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடி கிடையாது. தனி ஜன்னல் ஒன்றில் பார்க்கிறோம், நடுவில் ஒரு சின்னச் சதுரத்தில் இரண்டு பிம்பம் தெரியும், லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஃபோகஸ். கண்ணாடிக்கு இடம் விட வேண்டாம் என்பதால் லென்ஸை ஃபிலிமுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், கேமராவும் லென்ஸும் சின்னதாகிவிடும். சட்டகத்துக்கு வெளியே என்ன நடக்கிறது, யார் உள்ளே வரப்போகிறார் என்பதும் தெரியும். ரயில் பெட்டியிலும் டீக்கடையிலும் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

என் தேர்வை ஒரே கேள்விதான் முடிவு செய்தது. பேட்டரி செத்தால் கேமரா என்ன செய்யும்? கோவையில் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் போய் நின்றபோது அவரும் இதையேதான் சொன்னார். "பேட்டரி இல்லாம ஓடுறதா பார்த்து எடுத்துக்கங்க தம்பி, மலை மேல நின்னுபோச்சுன்னா அதைத் திறந்து பார்க்க அங்க ஆள் கிடையாது." தவாங் போகும் வழியில் இருக்கும் சேலா கணவாய் 13,700 அடி உயரம். டிசம்பர் குளிரில் பட்டன் செல்கள் சீக்கிரம் சோர்ந்துவிடும். கீழே இறங்கிச் சூடானால் மறுபடி உயிர் வரலாம், ஆனால் படம் அங்கே மேலேதானே இருக்கிறது.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் மனசுக்குப் பிடித்த இரண்டு கேமராக்கள் உடனே விழுந்துவிடுகின்றன. முதலாவது ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. 1979-இல் யோஷிஹிசா மைதானி வடிவமைத்தது. 225 கிராம்தான், மூடியைத் தள்ளி மூடினால் சட்டைப் பைக்குள் போய்விடும், அதற்குள் 35 மிமீ எஃப்/2.8 லென்ஸும் (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்) உண்மையான ரேஞ்ச்ஃபைண்டரும் இருக்கின்றன. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவையும் எப்படி அடைத்தார் என்று எனக்கு இன்றைக்கும் வியப்புதான். ஆனால் ஷட்டர் முழுக்க மின்னணு. இரண்டு எஸ்ஆர்44 செல்களும் செத்தால் ஒரு படம்கூட எடுக்க முடியாது. இரண்டாவது, 1980-களின் தொடக்கத்தில் வந்த மினோல்டா சிஎல்ஈ. பல விஷயங்களில் இந்த வகையிலேயே சிறந்த கேமரா அதுதான் என்பேன். லைகா எம் லென்ஸ்கள் பொருந்தும், அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளை அளவை, நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தை அதுவே தேர்ந்தெடுக்கும், ஃபிலிம் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியையே அளக்கும். வியூஃபைண்டரில் 28 மிமீ லென்ஸுக்கான சட்டகக் கோடும் உண்டு. ஆனால் அதுவும் பேட்டரியை நம்பித்தான் வாழ்கிறது, உள்ளே மின்சுற்று போனால் மாற்றுப் பாகம் கிடைப்பது மிகக் கடினம். ஊருக்குள் வைத்துக்கொள்ளத் தங்கமான கேமரா. நெடும்பயணத்துக்கு அதை நம்பிப் போக எனக்கு மனசு வரவில்லை.

மீதியில் லைகா எம்6 எல்லாரும் சொல்வது. 1984-இல் வந்தது, 2022-இல் திரும்பவும் தயாரிக்கத் தொடங்கினார்கள். பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான், ஷட்டர் முழுக்க இயந்திரம், வியூஃபைண்டரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லட்சங்களில் விலை வைத்த ஒரு பொருளைத் தலையணைக்கடியில் வைத்து ஸ்லீப்பர் கோச்சில் நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது, அந்தப் பயம் படம் எடுக்கிற கையையும் பிடித்துக்கொள்ளும். கேனன் கேனோநெட் க்யூஎல்17 ஜிஐஐஐ மலிவு, 40 மிமீ எஃப்/1.7 லென்ஸ், பேட்டரி இல்லாமலும் ஓடும், ஆனால் 620 கிராம் எடை, நாமாக எல்லாவற்றையும் வைத்து எடுக்கும்போது மீட்டர் வேலை செய்யாது. கோசினா தயாரித்த ஃபோக்ட்லாண்டர் பெஸ்ஸா ஆர்3எம் மிக நல்ல யோசனை. அதில் 40 மிமீ சட்டகமே இருக்கிறது, பார்வை உருவளவும் ஒன்றுக்கு ஒன்று, அதாவது வெறுங்கண்ணில் தெரியும் அளவிலேயே தெரியும், இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே எடுக்கலாம். கொஞ்சம் பெரிசு, ஷட்டர் சத்தம் அதிகம். அது குறைந்த விலையில் கிடைத்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

நான் எடுத்துப்போவது லைகா சிஎல். 1973-இல் லைகாவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனமும் மினோல்டாவும் சேர்ந்து கொண்டுவந்தது, தயாரிப்பு ஜப்பானில் மினோல்டாவிடம். அங்கே லைட்ஸ் மினோல்டா சிஎல் என்ற பெயரில் விற்றார்கள். மூன்று ஆண்டில் தயாரிப்பு நின்றுவிட்டது. அகலம் 121 மிமீ, உயரம் 76, தடிமன் 32. சின்ன 40 மிமீ லென்ஸோடு சேர்த்து அரைக் கிலோ அளவுதான் வரும். ஷட்டர் துணித்திரை, அரை நொடியிலிருந்து 1/1000 வரை, எல்லாம் இயந்திரம். பேட்டரி செத்தால் மீட்டர் முள் மட்டும் படுத்துவிடும், மற்றதெல்லாம் அப்படியே ஓடும்.

இதன் கையாளுகைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஷட்டர் வேகச் சக்கரம் மேலே இல்லாமல் முன்பக்கம் இருக்கிறது, கண்ணை எடுக்காமலே ஆள்காட்டி விரலால் திருப்பலாம், எந்த வேகத்தில் நிற்கிறது என்பது வியூஃபைண்டருக்குள்ளேயே தெரியும், வலது பக்கம் மீட்டர் முள். வார் மாட்டும் இரண்டு கொக்கியும் ஒரே பக்கத்தில் இருப்பதால் கேமரா நெடுக்காகத் தொங்கும், நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும், ஜாக்கெட்டுக்குள் சுலபமாக நுழையும். குளிர் நாட்டுக்கு இது எவ்வளவு உதவி என்பது போனவர்களுக்குத் தெரியும்.

குறைகளும் உண்டு, வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். மீட்டரின் கண் ஒரு சின்னக் கம்பியின் நுனியில், லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிமுக்கு முன்னால் வந்து நிற்கும், ஷட்டரை அழுத்தியதும் ஒதுங்கிக்கொள்ளும். அதனால் பின்பக்கம் ரொம்ப நீட்டிக்கொண்டிருக்கும் பழைய அகலக் கோண லென்ஸ்களைப் போட்டால் இடிக்கும், உள்ளே தள்ளி மடக்கும் 50 மிமீ லென்ஸ்களை முழுக்க மடக்கவும் கூடாது. ஒரே லென்ஸ்தான் என்று முடிவு செய்தவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னலுக்கும் இடைவெளி குறைவு, உருவளவையும் பெருக்கிப் பார்த்தால் சுமார் 19 மிமீதான் தேறும், எம்6-இல் அது 50-க்குப் பக்கம். 90 மிமீ லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து எடுப்பவருக்கு இது கவலை, 40 மிமீ எஃப்/2-க்குத் தாராளமாகப் போதும். ரோல் மாற்றும்போது பின்மூடி முழுசாகக் கழன்று வந்துவிடும், ஓடுகிற வண்டியில் அதை எங்கே வைப்பது என்று முன்பே யோசித்து வைக்க வேண்டும். நான் அக்குளில் இடுக்கிக்கொள்கிறேன்.

சரி, லென்ஸ். 35 மிமீ ஃபிலிமின் சட்டகத்துக்குக் குறுக்களவு 43 மிமீ சொச்சம். 40 மிமீ அதற்கு மிகப் பக்கம், அதனால் 35-இன் விரிவும் இல்லாமல் 50-இன் நெருக்கமும் இல்லாமல் நடுவில் நிற்கிறது. ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவரை இடுப்பு வரை எடுக்கலாம், பக்கத்தில் இருப்பவரின் கையும் சட்டகத்துக்குள் வரும், ஜன்னலும் கொஞ்சம் வரும். 28-ஐ ஒற்றை லென்ஸாகக் கொண்டுபோகிறவர்கள் ஆளுக்கு ரொம்பப் பக்கத்தில் போகத் துணிந்தவர்கள். நான் அவ்வளவு நெருங்கிப் போகிற ஆள் இல்லை, தெரியாத ஊரில் போகவும் விரும்பவில்லை.

40-இல் மூன்று தேர்வு. சிஎல்லுடன் வந்த லைட்ஸ் சம்மிக்ரான்-சி, மினோல்டாவின் எம்-ரொக்கோர், அப்புறம் ஃபோக்ட்லாண்டர் நாக்டன் எஃப்/1.4. சம்மிக்ரான்-சி மிக நல்ல லென்ஸ், ஆனால் அதற்குச் சீரிஸ் 5.5 என்ற பழைய வகை ஃபில்டர்தான் பொருந்தும், இன்று தேடி அலைய வேண்டும். சிஎல்ஈயுடன் வந்த பிந்தைய ரொக்கோர் சாதாரண 40.5 மிமீ ஃபில்டரை ஏற்கும், பூச்சும் மேம்பட்டது, அதனால் எதிர் வெளிச்சத்தில் தாங்கும். நான் எடுத்தது அதுதான். நாக்டன் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம் தரும், கொஞ்சம் பருமன்.

எஃப்/2 எனக்கு ஏன் கட்டாயம் என்றால், டிசம்பரில் மேல் அசாமில் நாலரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது, திப்ருகர் 95-க்குப் பக்கம், அதிலேயே 50 நிமிடம் போய்விடுகிறது. ஊர் சுறுசுறுப்பாக இருக்கும் சாயங்கால நேரம் முழுக்க இருட்டில்தான். ஒரு குண்டு பல்ப் எரியும் டீக்கடைக்குள் ஐஎஸ்ஓ 400 (ஃபிலிமின் ஒளி உணரும் திறன்) ஃபிலிமில் எஃப்/2, 1/30 வைத்தால் படம் வந்துவிடும். எஃப்/2.8 லென்ஸில் 1/15 ஆகும், கை ஆடாமல் இருந்தாலும் எதிரில் இருப்பவர் அசைந்துவிடுவார். பகலில் கணக்கு எளிது. எஃப்/11, ஃபோகஸ் 5 மீட்டர் என்று வைத்துவிட்டால் இரண்டரை மீட்டரிலிருந்து தொலைதூர மலை வரை தெளிவாக வரும், ரேஞ்ச்ஃபைண்டரைத் தொடவே வேண்டாம்.

ஃபிலிமும் ஒரே வகைதான், இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம். 400-ஆகவும் எடுக்கலாம், தேவைப்பட்டால் முழு ரோலையும் 1600 என்று வைத்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டச் சொல்லலாம். அப்படி எடுத்த ரோலின் மேல் மார்க்கரால் 1600 என்று அப்போதே எழுதிவிட வேண்டும். வண்ணம் வேண்டுமென்றால் போர்ட்ரா 400 நல்லது, ஆனால் பல்ப் வெளிச்சத்தில் மஞ்சள் தூக்கும்.

சிஎல்லின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தது, அது இப்போது விற்பனையில் இல்லை. சாதாரண அல்கலைன் போட்டால் 1.5 வோல்ட், அதுவும் தேயத் தேய இறங்கிக்கொண்டே இருக்கும், அளவு தப்பும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாக-காற்று செல் இதற்கு நல்ல மாற்று, நிலையாக 1.4 வோல்ட் தரும், சுற்றி ஒரு வளையம் வைத்தால் உட்கார்ந்துகொள்ளும், காதுக் கருவி விற்கும் கடைகளில் அட்டையாகவே கிடைக்கிறது. ஸ்டிக்கரை உரித்ததும் அதன் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும், குளிரும் அதற்கு ஆகாது. அதனால் உரிக்காத அட்டை ஒன்றை உள் பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன். மீட்டரே போனாலும் வெயிலில் 400 ஃபிலிமுக்கு 1/500, எஃப்/16, மேகம் கவிந்தால் எஃப்/8 என்று போய்க்கொண்டே இருக்கலாம். பனியில் இன்னும் ஒரு ஸ்டாப் மூட வேண்டும். மீட்டரை நம்பி எடுத்தால் இதற்கு நேர்மாறு, அது பனியைச் சாம்பலாக்கப் பார்க்கும், அப்போது ஒன்றரை ஸ்டாப் திறக்க வேண்டும்.

துணித்திரை ஷட்டருக்கு ஒரு எதிரி சூரியன். முன்னால் கண்ணாடி இல்லாததால், முடிவிலிக்கு ஃபோகஸ் வைத்த லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி தொங்கினால் திரையில் பொத்தல் விழுந்துவிடும். லென்ஸ் மூடி போட்டே பழக வேண்டும், ஆனால் வியூஃபைண்டர் தனி என்பதால் மூடியோடேயே படம் எடுத்துவிடவும் முடியும். மூடி கழன்றிருக்கும் நேரத்தில் அப்பர்ச்சரை எஃப்/16-இல் வைத்து, ஃபோகஸை மிகக் கிட்டத்துக்குத் திருப்பி, லென்ஸ் என் உடம்பைப் பார்த்திருக்கும்படி தொங்கவிடுகிறேன். குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழையும் முன் கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டால் பனித்துளி பைக்கு வெளியே படியும், லென்ஸுக்குள் போகாது.

எக்ஸ்ரே பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் பழைய வகை எக்ஸ்ரேயில் 400 ஃபிலிம் ஓரிரு முறை போய்வந்தால் கெடாது. விமான நிலையங்களில் இப்போது வந்துகொண்டிருக்கும் சிடி ஸ்கேனர் வேறு, அதில் ஒரே முறை போனாலும் ஃபிலிம் மூட்டம் கட்டலாம். டப்பாக்களை விட்டுவிட்டு ரோல்களை மட்டும் கண்ணாடி மாதிரித் தெரியும் ஜிப் பையில் போட்டு, கையால் பார்க்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்க வேண்டும். செக்-இன் பெட்டியில் ஃபிலிம் வைக்கவே கூடாது.

பழைய சிஎல் வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. லென்ஸைக் கழற்றி, பின்மூடியையும் எடுத்துவிட்டு, இருட்டு அறையில் திரைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், ஊசிப் பொத்தல் இருந்தால் தெரிந்துவிடும். தூரத்து செல்போன் டவரில் முடிவிலியில் இரண்டு பிம்பமும் சேர்கிறதா, ஒன்று மேலே ஒன்று கீழே நிற்கிறதா என்று பாருங்கள். லென்ஸுக்குள்ளும் டார்ச் அடியுங்கள், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்த லென்ஸ்கள் அதிகம். மீட்டர் சாகும் நிலையில் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அதற்காகக் கேமராவை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வாங்கி, ஒரு ரோல் முழுக்க எஃப்/2-இல் எடுத்து, கழுவி, நெகடிவைப் பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள்.