இடது கையால் எழுதுகிறேன்

ஜூன் 2

பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வலது கை இன்னும் யாரோ என் மடியில் வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிதான் கிடக்கிறது.

தலைக்கு வெளியே வைத்த காந்தத் துடிப்பால் மூளையைத் தட்டும் காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு முன் இன்று சோதனை. தலைக்குள் உலோகக் கிளிப் உண்டா, பேஸ்மேக்கர் உண்டா, எப்போதாவது வலிப்பு வந்ததா என்று கேள்விகள். வலிப்பைப் பற்றி மட்டும் மூன்று தடவை கேட்டார்கள். இந்தச் சிகிச்சையில் அரிதாக அது வரலாமாம்.

எட்டு வடிவக் கம்பிச் சுருள் (காயில்) ஒன்றை வலப்பக்கத் தலையில் வைத்து ஒரு ‘டக்’. என் இடது கட்டைவிரல் துள்ளியது, நான் அசைக்காமலேயே! அப்புறம் இடப்பக்கம், அடிபட்ட பக்கம். டக், டக், டக். ஒன்றுமில்லை. சக்தியைக் கூட்டினார்கள். வலது விரல் அசைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் தசையில் ஒட்டியிருந்த கம்பி வழியாகத் திரையில் சின்னதாய் ஒரு மேடு எழுந்தது. “மூளையிலிருந்து கைக்குப் போகிற வழி முழுக்க அறுந்துவிடவில்லை” என்றார் டாக்டர். மனைவி அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 3

முதல் நாள். காயிலை நல்ல பக்கத்தில் வைத்ததும் பக்கம் மாறிவிட்டதோ என்று பதறிவிட்டேன். மாறவில்லையாம். மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிப் பிடித்திருக்கும். ஒரு பாதி அடிபட்டதும் மற்றது அதை ஓவராக அமுக்குகிறது என்பது ஒரு கருத்து. நொடிக்கு ஒரு துடிப்பு என்று மெதுவாகத் தட்டினால் நல்ல பக்கம் கொஞ்சம் அடங்கும். அடிபட்ட பக்கத்தையே எழுப்பப் பார்த்தால் நொடிக்கு 10 என்று வேகமாகத் தட்டுவார்கள். எனக்கு மெதுவானது: 20 நிமிடம், 1200 துடிப்பு. 200 வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.

வலி இல்லை, மண்டையில் யாரோ விடாமல் சுண்டுவது போல. பள்ளியில் படித்த அதே ஃபாரடே விதிதான்: காந்தப்புலம் மாறினால் மின்னோட்டம் பிறக்கும். அவர் கண்டுபிடித்தது 1831இல். மனித மூளையில் இப்படித் தட்டிப் பார்க்க 1985 வரை ஆகியிருக்கிறது, ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழு.

ஜூன் 6

லேசான தலைவலி. காயிலை எடுத்த கையோடு பிசியோவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். மூளை இளகியிருக்கும்போதே பயிற்சி செய்ய வேண்டுமாம். மரக்கட்டையை எடுத்து வை, எடுத்து வை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த 20 நிமிடத்துக்கும் சேர்த்து இங்கே வேர்க்கிறது.

ஜூன் 10

நேற்றிரவு தூக்கம் வராமல் 2018இல் வந்த ஆய்வு ஒன்றைப் படித்தேன். படித்திருக்க வேண்டாம். 199 பேர், எனக்குச் செய்வது போலவே நல்ல பக்கத்தில் மெதுவான தூண்டல். ஆறு மாதம் கழித்து, கை அசைவுத் தேர்வில் 5 புள்ளியாவது ஏறியவர்கள் உண்மையான காயிலில் 67 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்க வைத்த போலிக் காயிலில் 65.

டாக்டரிடமே கேட்டேன். மழுப்பவில்லை. “சிறிய ஆய்வுகள் பலவற்றில் பலன் தெரிந்தது, அந்தப் பெரிய ஆய்வில் தெரியவில்லை. அதில் இரண்டு குழுவுமே பயிற்சி செய்தது, பார்த்தீர்களா?” என்றார். பார்க்கவில்லை. எண்களை மட்டும்தான் பார்த்தேன்.

ஜூன் 16

பத்தாவது நாள், கடைசி. அதே கைத் தேர்வு, 66க்கு. வந்தபோது 27, இன்று 32. கட்டையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்க முடிகிறது. விடுவதுதான் இன்னும் வரவில்லை.

“காந்தமா, கட்டையா?” என்றாள் மனைவி. என்னிடம் பதில் இல்லை. காயிலைக் கேட்டால் தரமாட்டார்கள். கட்டைப் பெட்டியைக் கேட்டேன், ஒரு மாதத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.