பத்துப் பாரம், முந்நூறு பிரதி

6 அக்டோபர் 2025, திங்கள், மண்டபம்

சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர் பாரத்தில்தான், அதாவது ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுப்பில்தான், கணக்குப் போட வேண்டும். டெமி அளவில், அதாவது 5.5 × 8.5 அங்குலத்தில், ஒரு பாரம் 16 பக்கம். 11 புள்ளி எழுத்து, பக்கத்துக்கு 30 வரி என்று வைத்தால் தமிழில் ஏறக்குறைய 200 சொல் பிடிக்கும். 30,000 சொல் உள்ள கையெழுத்துப்படி 150 பக்கம் வரும். தலைப்பு, பதிப்பு விவரம், உள்ளடக்கம், முன்னுரைக்கு 8 பக்கம். மொத்தம் 158. பத்துப் பாரத்தில், 160 பக்கத்தில் அடங்கிவிடும்.

பக்கம் கட்டி முடிந்ததும் 163 என்று வந்தால் பதறிப்போய் எழுத்தைச் சிறிதாக்க வேண்டாம். அத்தியாயக் கடைசியில் இரண்டு, மூன்று வரி மட்டும் தனியாக நிற்கும் பக்கங்களைத் தேடுங்கள். முந்தைய பத்திகளில் நாலு சொல் குறைத்தால் அந்த வரிகள் மேலே ஏறிவிடும். மூன்று பக்கம் இப்படியே மிச்சமாகும். இல்லையென்றால் அந்த மூன்று பக்கத்துக்காகப் பதினோராவது பாரத்துக்குப் பணம் கட்ட வேண்டும்.

காகிதக் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. 23 × 36 அங்குலத் தாள் ஒன்று இரு பக்கமும் அச்சானால் 32 டெமி பக்கம். 160 பக்கப் புத்தகத்துக்கு 5 தாள். 300 பிரதிக்கு 1,500 தாள், அதாவது 3 ரீம். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள் என்றால் ரீம் 18.7 கிலோ. இதற்கு மேல் சேதாரம் கொஞ்சம் போகும். அச்சகம் தரும் விலைப்புள்ளியில் 5 ரீம் என்று இருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

9 அக்டோபர், வியாழன்

இன்று முழுக்க எழுத்துரு வேலை. யூனிகோடில் அடித்த பிரதியைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டி, மின்னூலுக்காக மறுபடி யூனிகோடுக்குக் கொண்டுவந்தால் ஔகாரம்தான் முதலில் அடிபடும். ‘கௌரவம்’ என்பதில் உள்ள ‘ௌ’ ஒரே குறி. திரும்பி வரும்போது அது ‘கெளரவம்’ ஆகிவிடும்: ஒற்றைக்கொம்பும், தனியாக ஒரு ‘ள’வும். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் வாசகர் ‘கௌரவம்’ என்று தேடினால் அந்த இடம் கிடைக்காது. பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்புச் செயலி அதை ‘கெ-ள-ர-வம்’ என்று படிக்கும். அவர்களும் நம் வாசகர்கள்தான். இந்த ஒன்றுக்காகவே உட்கார்ந்து திருத்த வேண்டும்.

‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை மட்டும் தொடக் கூடாது. ‘ெள’ வரும் இடமெல்லாம் ‘ௌ’ ஆக்கினால் வெள்ளமும் தெளிவும் கெளிறு மீனும் சேர்ந்து உடைந்துபோகும். உடைந்த வடிவங்களான கெள, செள, பெள, மெள என்று தனித்தனியாகத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும். பௌர்ணமி, மௌனம், சௌகரியம், கௌதாரி என ஒரு நாவலில் இருபது, முப்பது சொல் தேறும். ஒரு மணி நேர வேலை.

அடுத்த பிழை காலும் ரகரமும் இடம் மாறுவது. ‘காற்று’ என்பது ‘கரற்று’ ஆகிவிடும். மேற்கோள் குறிகள் திசை மாறி நிற்கும்.

மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பது, மூன்று முறை நடக்க வேண்டும். அதில் ஒரு முறையாவது தாளில். மூன்றாவது முறை வேறொருவர் படிக்கட்டும். பத்திகளில் உள்ள பிழை எப்படியும் பிடிபட்டுவிடும். அத்தியாயத் தலைப்பு, பக்க எண், அட்டையின் முதுகு, இந்த மூன்றில் உள்ள பிழைதான் அச்சு வரை போய்விடும்.

14 அக்டோபர், செவ்வாய்

பருவமழை வரும் நேரம். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. இங்கே தாளுக்கு ஈரம் ஏறுவது சென்னையை விட வேகம். காகித நார் நீளவாக்கில் அதிகம் நீளாது, குறுக்குவாக்கில்தான் உப்பும். அதனால் நார் ஓடும் திசை புத்தக முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே இருந்தால் முதுகோரம் பசை பிடித்துக்கொள்ள, பக்கம் உப்பி அலை அலையாக நிற்கும். அச்சகத்தில் கேட்கும் விதம்: “அண்ணே, கிரெய்ன் முதுகோட ஓடுதா, குறுக்க ஓடுதா?” அட்டைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். லேமினேஷன் வெளிப்பக்கம் மட்டும் இருப்பதால் உள்பக்கம் ஈரம் குடித்து நீளும், வெளிப்பக்கம் அப்படியே இருக்கும். அட்டை வாய் பிளந்து மேலே சுருளும்.

கட்டுகளைத் தரையில் வைக்கக் கூடாது. பலகை போட்டு, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, படுக்கைவசமாக அடுக்க வேண்டும். பழைய செய்தித்தாளில் சுற்றினால் அது ஈரத்தைப் பிடித்து வைத்து இராமபாணப் பூச்சிக்கு வீடாகிவிடும். 160 பக்கப் புத்தகத்தின் தடிமன் 8 மி.மீ. அளவில் வரும். 300 பிரதியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 2.4 மீட்டர்; ஒரு கட்டிலடியில் போய்விடும். ஆயிரம் பிரதியை இந்தக் கரையில் இரண்டு மழைக்காலம் காப்பாற்றுவது பெரும்பாடு.

21 அக்டோபர், செவ்வாய்

தீபாவளி நேற்று முடிந்தது. இதழ்கள் போடும் தீபாவளி மலர்களுக்கு ஜூலை, ஆகஸ்டிலேயே கதை போயிருக்க வேண்டும். சன்மானம் இதழ் வெளிவந்த பிறகுதான்; சில இடங்களில் அதற்கும் வெகுநாள் கழித்து. ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போதும்: அனுப்பிய நாள், ஏற்ற நாள், வெளியான நாள், பேசிய தொகை, வந்த நாள். வெளியாகி 45 நாள் தாண்டினால் இதழ் தேதியும் பக்க எண்ணும் போட்டு மின்னஞ்சலில் நினைவூட்டலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. செய்த வேலைக்குக் கேட்கும் கூலி அது.

ஒரே இடத்திலிருந்து நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே எடுக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். பான் எண் தராவிட்டால் 20. பிடித்தது வருமான வரித் துறையில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

கடல் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி, மராமத்தும் வலை பின்னுவதுமாக இருக்கும் அந்த நாட்களில்தான் ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள். மீன் இறங்கும் நேரத்தில் நோட்டோடு போய் நிற்பது அவர்கள் தொழிலுக்கு இடைஞ்சல்.

27 அக்டோபர், திங்கள்

பதிப்பகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எழுத்தாளருக்கு நல்ல காவல். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராத பட்சத்தில், அது காலாவதியாகிவிடும். ‘அனைத்து உரிமைகளும்’ என்ற வரியை அடித்துவிட்டு அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

ராயல்டி 10 சதவீதம் என்றால் எதில் 10 என்று கேட்க வேண்டும். 220 ரூபாய் புத்தகத்தில் அட்டை விலைக்கு 22 ரூபாய். கடைக்கழிவு 35 சதவீதம் போக வரும் தொகைக்கு என்றால் 14 ரூபாய் 30 காசு.

4 நவம்பர், செவ்வாய்

எத்தனை பிரதி என்று முடிவு செய்யும் நாள். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 300 பிரதி அச்சிட ஒன்றுக்கு 90 ரூபாய், அட்டை விலை 220. பக்கம் கட்ட, அட்டை வரைய, மெய்ப்புக்கு 18,000 தனியாக.

கடை வழியாகப் போனால் கழிவு 77 போக 143, அச்சுச் செலவு போக 53 நிற்கும். 18,000ஐ 53ஆல் வகுத்தால் 340. முந்நூறும் விற்றால்கூட முதல் வராது! நேரடியாக விற்றால் தபால், உறைக்கு 30 போக 190 கைக்கு வரும். அச்சுக்கு 27,000, மற்றதுக்கு 18,000, மொத்தம் 45,000; 237 பிரதியில் முதல் வந்துவிடும். அதனால் கடைக்கு அறுபது, எழுபதுக்கு மேல் அனுப்பாமல், மீதியை வாசகருக்கு நேரே அனுப்புவதும் புத்தகத் திருவிழாவில் வைப்பதும்தான் வழி. திருவிழாவில் 10 சதவீதத் தள்ளுபடி வழக்கம், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணை வந்தால் சந்தோஷம். வரவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதக் கூடாது.

500 போட்டால் பிரதிக்கு 75 ஆகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அச்சுக்கு 27,000 கொடுக்க வேண்டிய இடத்தில் 37,500 போகிறது. விற்குமா என்று தெரியாத 200 பிரதிக்காக 10,500 ரூபாயை மழைக்காலத்தில் பலகைமேல் அடுக்கி வைக்கும் காரியம் அது. முந்நூறு தீர்ந்தால் மறு அச்சுக்குக் கோப்பு தயாராகத்தானே இருக்கிறது.

12 நவம்பர், புதன்

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் முகமையின் தளத்தில் விண்ணப்பிக்கலாம். காசு கேட்கும் இடைத்தரகர் வேண்டாம். அச்சுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழையதே போதும்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர்த்தால் 90 நாள் மின்னூலை வேறெங்கும் வைக்க முடியாது. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் அதில் சேர வேண்டும், இல்லையென்றால் 35. பணம் அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வரும்.

தபால்: இந்தப் புத்தகம் அட்டையோடு 190 கிராமுக்குள் வரும், உறையோடு 220. 2025 மே மாதம் தொடங்கிய, புத்தகங்களுக்கான தபால் சேவையான கியான் போஸ்டில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. மழைக்காலத்தில் முதலில் பாலிதீன் உறை, வாயை டேப்பால் ஒட்டி, அதன் மேல் பழுப்புத்தாள். நான்கு மூலைக்கும் அட்டைத் துண்டு மடித்து வையுங்கள். மூலை நசுங்கிய புத்தகத்தைத்தான் வாசகர் திருப்பி அனுப்புவார்.

24 நவம்பர், திங்கள்

கட்டு வந்ததும் பணத்தை முழுதாகக் கொடுக்கும் முன் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டிலும் மேல், நடு, அடி என்று மூன்று பிரதி. பார்க்க வேண்டியது பாரம் மாறும் இடங்கள்: 16இலிருந்து 17, 32இலிருந்து 33, 48இலிருந்து 49. பாரம் விடுபடுவதும் ஒரே பாரம் இரண்டு முறை சேர்வதும் அங்கேதான் தெரியும். பிறகு நடுவில் விரித்து முதுகை அழுத்துங்கள். பசை நொறுங்கும் சத்தம் கேட்டால் ஓராண்டில் பக்கம் கழன்றுவிடும். வெள்ளைப் பக்கம், சாய்ந்த வெட்டு, மங்கிய மை உள்ளவற்றைத் தனியே எடுத்து, எண்ணி, அன்றைக்கே படம் அனுப்பி மாற்றுப் பிரதி கேளுங்கள்.

நல்ல பிரதிகளில் நான்கை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு அவை போக வேண்டும். உறையில் முகவரி எழுதி ஒட்டி வைத்தாகிவிட்டது. நாளை காலை மழை விட்டதும் தபால் நிலையம்.