இருமல் நின்ற இடம்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை. டிவியில் சத்தம் வரவில்லை, படம் மட்டும் ஓடுகிறது.

கூட வந்த பெரியப்பா டிவியைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார்.

பழக்கதோஷம். முப்பது வருசம் தியேட்டரில் டோர்ச் அடித்தவர்.

“படம் ஓடுமா ஓடாதான்னு எப்படிப் பெரியப்பா கண்டுபிடிப்பீங்க?”

“இருமல்தான்டா. மார்கழிக் குளிர்ல எல்லாரும் இருமிக்கிட்டே இருப்பாங்க. நல்ல கட்டம் வந்தா ஒருத்தனும் இருமமாட்டான். தொய்ஞ்சிச்சோ, திரும்ப ஆரம்பிச்சிரும்.”

எனக்கு அமெரிக்காவின் பேசாப்படக் காலம் ஞாபகம் வந்தது. சிகாகோவிலிருந்து வந்த ‘எக்ஸிபிட்டர்ஸ் ஹெரால்ட்’ என்ற தொழில் பத்திரிகை 1916இல் ஒரு பகுதி தொடங்கியது. ‘படம் எனக்கு என்ன செய்தது’ என்பதுதான் தலைப்பு. எழுதியவர்கள் சிற்றூர்த் தியேட்டர் முதலாளிகள்.

நடிப்பு, கலை எல்லாம் அப்புறம். கூட்டம் சிரித்ததா? பாதியில் எழுந்து போனதா? மழையிலும் ஆள் வந்ததா? வசூல் எப்படி? இரண்டு மூன்று வரிதான். அதை வாசித்துவிட்டு வேறொரு ஊர்க்காரர் அந்தப் படத்தை எடுப்பதா விடுவதா என்று யோசிப்பார்.

இன்றைய நட்சத்திர மதிப்பெண்களைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. திரையில் குரல் இல்லாததால் கூட்டத்தின் குரல் நன்றாகவே கேட்டிருக்கும், படத்துக்குப் பக்கத்தில் இருந்து வாசிக்கும் பியானோக்காரர் விட்டிருந்தால்.

பெரியப்பா எதையும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் காதில்தான்.

கடை மூலையில் யாரோ இருமினார்கள்.

பெரியப்பா கிளாஸைக் கீழே வைத்தார். “போச்சு. படம் விழுந்திருச்சு.”